டாச்சிகோமாக்கள் ஏன் உத்தரவை மீறின?

டிஸ்கி: 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' தொடரோட ரெண்டு சீசன் முடிவும் இந்தப் பதிவுல வருது. இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, பதிவு எங்கயும் ஓடிடாது :-)

ரோபோ கதைன்னாலே நம்ம மனசுல முதல்ல வர்றது என்ன? மனுசன் செய்வான், அது ஒருநாள் அவனையே திருப்பி அடிக்கும். இந்த வழக்கத்தை ஆரம்பிச்சு வச்சதே 'ரோபோ'ங்கிற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்த நாடகம்தான். செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920ல எழுதின 'ஆர்.யு.ஆர்.' அதுல ரோபோக்கள் கலகம் பண்ணி மனுச இனத்தையே கிட்டத்தட்ட துடைச்சு எறிஞ்சிடும். அதுக்கப்புறம் வந்த டெர்மினேட்டர் வரைக்கும் ஹாலிவுட் அதே பாதையிலதான் போச்சு.

ஜப்பான்ல கதை வேற மாதிரி போச்சு. அங்க குழந்தைங்க முதன்முதலா மனசைக் கொடுத்த ரோபோ, ஒசாமு தெசுகாவோட 'ஆட்டம்'. நாம ஆஸ்ட்ரோ பாய்ங்கிறோமே, அதே பையன்தான். 1952ல மாங்காவா வந்து, 1963 ஜனவரி 1ல டிவி தொடரா ஆச்சு. 193 எபிசோட். கடைசி எபிசோட் 1966 டிசம்பர் 31. வருசக் கடைசி ராத்திரி, நாடு முழுக்க குழந்தைங்க பார்த்துக்கிட்டிருக்கும்போது, பூமியைக் காப்பாத்துறதுக்காக ஆட்டம் நேரா சூரியனுக்குள்ள பறந்து போயிடறான். அன்னைக்கு எத்தனை பிள்ளைங்க அழுதுக்கிட்டே புத்தாண்டு கொண்டாடிச்சோ!

இந்த இடத்துல ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாகணும். ஜப்பான்ல 'உயிரைக் கொடுத்து மத்தவங்களைக் காப்பாத்துறது'ங்கிறது வெறும் கதை விஷயம் இல்லை. 1944 அக்டோபர்ல லெய்ட்டே கடல் போர்ல ஆரம்பிச்சு, போர் முடியற வரைக்கும், ஆயிரக்கணக்கான இளம் விமானிகளை எதிரிக் கப்பல் மேல போய் மோதச் சொல்லி அனுப்பின நாடு அது. பேருக்கு 'தன்னார்வம்'. ஆனா மேலதிகாரி முன்னாடி நின்னு முடியாதுன்னு சொல்ற தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? அதனால ஜப்பானியக் கதைகள்ல ஒரு நாயகன் உயிரைக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி பின்னாலயே வரும்: இது அவனோட முடிவா, இல்லை அவனை அப்படி முடிவெடுக்க வச்சுட்டாங்களா? 1978ல வந்த விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ படத்துல நாயகன் கப்பலோட போய் எதிரி மேல மோதி முடிச்சிடுவான். அதே கதையை உடனே டிவி தொடரா எடுத்தப்போ முடிவை மாத்தி அவனை உயிரோட விட்டுட்டாங்க. அந்த அளவுக்கு உறுத்தற விஷயம் இது.

சரி, நம்ம கதாநாயகர்களுக்கு வருவோம்.

மசாமுனே ஷிரோ 1989ல வரைய ஆரம்பிச்ச மாங்காதான் மூலம். 'கோஸ்ட் இன் த ஷெல்'ங்கிற பேருக்குப் பின்னாடி ஒரு தத்துவச் சண்டை இருக்கு. உடம்பு ஒரு இயந்திரம், மனசு அதுக்குள்ள உட்கார்ந்து ஓட்டுதுங்கிற டெகார்ட்டோட கருத்தைக் கிண்டல் பண்ணி, கில்பர்ட் ரைல்ங்கிற ஆங்கிலேயத் தத்துவவாதி 1949ல 'இயந்திரத்துக்குள் பேய்'னு எழுதினார். ஆர்தர் கோஸ்ட்லர் 1967ல அதையே புத்தகத் தலைப்பா வச்சார். ஷிரோ அந்த இயந்திரத்தை எடுத்துட்டு ஓட்டை வச்சார். மூளை வரைக்கும் மின்னணு புகுந்துட்ட ஒரு உலகத்துல, மனுசனை மனுசனாக்குற மிச்சம் மீதிக்கு அவர் வச்ச பேர்தான் 'கோஸ்ட்'.

1995ல மமோரு ஓஷி இதைப் படமா எடுத்தார். மேட்ரிக்ஸ் எடுத்தவங்களுக்கே முன்மாதிரியா இருந்த படம். ஆனா மாங்காவுல இருந்த வாயாடி ரோபோ டாங்குகளை ஓஷி படத்துல சேர்க்கவே இல்லை. அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தவர் கென்ஜி கமியாமா. 2002 அக்டோபர்ல ஆரம்பிச்ச டிவி தொடரோட இயக்குநர். மாங்காவுல ஃபுச்சிகோமா, இங்க டாச்சிகோமா.

பார்க்காதவங்களுக்கு: நீலக் கலர், நாலு கால், சிலந்தி மாதிரி உருவம், ஆள் உள்ள உட்கார்ற அளவு. குரல் மட்டும் அஞ்சு வயசுக் குழந்தை. எல்லா டாச்சிகோமாவுக்கும் சகிகோ தமகாவாங்கிற ஒரே அம்மாதான் குரல் கொடுத்தாங்க. ஒன்பதாம் பிரிவுங்கிற ரகசியப் போலீஸ் படையோட ஆயுதம் இவங்க. தலைவி மேஜர் மோட்டோகோ குசானகி. அந்தக் கம்பீரக் குரலுக்குச் சொந்தக்காரர் அட்சுகோ தனாகா 2024 ஆகஸ்ட்ல காலமாயிட்டார்.

தினமும் வேலை முடிஞ்சதும் எல்லா டாச்சிகோமாவோட அனுபவத்தையும் ஒண்ணாக் கலந்து சரிசமமா ஆக்கிடுவாங்க. ஒண்ணு பார்த்தது எல்லாத்துக்கும் தெரியும். யார் யாருன்னே பிரிக்க முடியாது. பிரிக்க முடியக்கூடாதுங்கிறதுதான் ஏற்பாடே. ஆனா பாட்டோ என்ன பண்றார்? படையில இருக்கிற அந்த முரட்டு ஆசாமி, ஒரே ஒரு டாச்சிகோமாவை 'என்னுது'ன்னு வச்சுக்கிட்டு, அதுக்கு மட்டும் இயற்கை எண்ணெய் ஊத்துறார். செயற்கை எண்ணெய் போதும், ஆனாலும் ஊத்துறார். வீட்டு நாய்க்கு யாருக்கும் தெரியாம ஒரு துண்டு கறி போடுவோமே, அந்த மாதிரி.

அந்தச் சின்னப் பாரபட்சத்துலதான் எல்லாம் ஆரம்பிக்குது. ஒரே மாதிரி இருக்க வேண்டிய மெஷின்களுக்குள்ள வித்தியாசம் முளைக்குது. ஒண்ணு புத்தகம் படிக்குது. ஒண்ணு தெருவுல தொலைஞ்ச நாயைத் தேடற சின்னப் பொண்ணு கூடச் சுத்துது. சாவுன்னா என்ன, கடவுள் இருக்காரான்னு கூட்டமா உட்கார்ந்து அரட்டை. குசானகிக்குப் பயம் வருது. யோசிக்கற ஆயுதம் சண்டை நடுவுல என்ன பண்ணும்னு சொல்ல முடியாதே? 15வது எபிசோட்ல எல்லாத்தையும் படையில இருந்து எடுத்து, ஆயுதத்தைக் கழட்டி, ஆராய்ச்சிக் கூடத்துக்கும் சிவில் வேலைக்கும் அனுப்பிடறாங்க. நியாயமான முடிவுதான். அதான் வயித்தெரிச்சலே.

25வது எபிசோட். அரசாங்கமே ஒன்பதாம் பிரிவை வேட்டையாடுது. பாட்டோ தனியா மாட்டிக்கிறார். மிச்சம் இருந்த மூணு டாச்சிகோமா செய்தி கேட்டு ஓடி வருது. கையில பழைய ஆயுதம் கிடையாது, யாரும் கூப்பிடல, எதிர்ல இருக்கிறது ராட்சசக் கவச உடை. மூணும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அழியுது. பாட்டோ பிழைச்சுக்கறார். எந்தக் குணத்தைப் பார்த்துப் பயந்து இவங்களை வெளிய அனுப்பினாங்களோ, அதே குணம்தான் பாட்டோவைக் காப்பாத்துது. சொன்னதை மட்டும் செய்யற மெஷினா இருந்திருந்தா அது ஆராய்ச்சிக் கூடத்துலயே நின்னிருக்கும்.

ரெண்டாவது சீசன் 2004 ஜனவரில இருந்து 2005 ஜனவரி வரை. டாச்சிகோமாக்கள் திரும்பி வர்றாங்க. இந்தத் தடவை அவங்க அறிவு வானத்துல ஒரு செயற்கைக்கோள்ல இருக்கு. கீழ உடம்பு நொறுங்கினாலும் பிரச்சினை இல்லை, வேற உடம்பு கிடைக்கும். 'அப்போ இனிமே தியாகத்துக்கு என்ன மதிப்பு? பேக்கப் இருக்கே'ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. கமியாமா அந்தக் கேள்வியைத் தெரிஞ்சேதான் போட்டிருக்கார்.

கதை நாகசாகில இருக்கிற தேஜிமாவுக்கு வருது. நிஜ தேஜிமா, டச்சு வியாபாரிகளை 1641ல இருந்து அடைச்சு வச்சிருந்த செயற்கைத் தீவு. கதையில அங்க இருக்கறது போர்ல வீடு இழந்த ஆசிய அகதிகள். அவங்களை ஒழிக்க ஒரு அமெரிக்க நீர்மூழ்கி அணு ஏவுகணையை விடுது. நாகசாகி, அமெரிக்கா, அணுகுண்டு. 1945 ஆகஸ்ட் 9க்கு அப்புறம் இந்த மூணையும் ஒரே காட்சியில வைக்கிறது ஒரு ஜப்பான்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

டாச்சிகோமாக்களுக்கு குசானகி சொன்ன வேலை வேற. அதை விட்டுட்டு, தங்களோட அறிவு இருக்கிற அந்தச் செயற்கைக்கோளையே ஏவுகணையோட பாதையில கீழ தள்றாங்க. அதாவது எது இருந்தா சாவு இல்லையோ, அதையே எடுத்து வீசறாங்க. பேக்கப்பே போச்சு. அகதிகள்ல ஒருத்தரும் அவங்களுக்கு எண்ணெய் ஊத்தினது கிடையாது. ஒரு ஆளு மேல வச்ச பாசம், முன்ன பின்ன தெரியாத ஒரு கூட்டத்துக்கே போய்ச் சேருது.

விழும்போது கோரஸா ஒரு பாட்டுப் பாடறாங்க. ஜப்பான்ல ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு அது. புழு பூச்சி வரைக்கும் எல்லாமே உயிரோட இருக்கிறதைக் கொண்டாடற பாட்டு. 1961ல எழுதினவர் டகாஷி யனாசே. இவர் யாருன்னு தேடினப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. குழந்தைகளோட செல்லமான 'அன்பான்மேன்' கதாபாத்திரத்தை உருவாக்கினவரே இவர்தான். பசிச்சவனுக்குத் தன் தலையையே பிச்சுத் தின்னக் கொடுக்கற ரொட்டித் தலை நாயகன்! யனாசே போர்ல சிப்பாயா சீனாவுக்குப் போனவர், பசின்னா என்னன்னு பார்த்தவர், தம்பியைப் போர்ல இழந்தவர். நாட்டுக்காகச் சாவுன்னு சொல்ற வீரத்து மேல நம்பிக்கை போய், பசிச்சவனுக்குச் சோறு போடறதுதான் வீரம்னு வந்து நின்ன மனுசர். அவர் பாட்டு இந்தக் காட்சிக்கு வந்து சேர்ந்தது தற்செயலோ என்னவோ, இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைச்சிருக்காது.

இப்போ மேல கேட்ட கேள்விக்கு வாங்க. விமானிகளுக்கு உத்தரவு வந்தது, போனாங்க. டாச்சிகோமாக்களுக்கு சாகச் சொல்லி யாருமே உத்தரவு போடல. ரெண்டு தடவையும் உத்தரவை மீறித்தான் அவங்க செத்தாங்க. உத்தரவுக்குக் கீழ்ப்படியறதுக்காகவே செஞ்ச மெஷினுக்கு 'கோஸ்ட்' வந்துடுச்சுன்னு காட்ட, கமியாமாவுக்கு இதைவிட நல்ல வழி இல்லைன்னு நினைக்கிறேன். போகச் சொல்லி யாரும் கையெழுத்துப் போடாத இடத்துலதான் அது தியாகம். கையெழுத்து இருந்தா அது வேற ஏதோ.

2006ல வந்த 'சாலிட் ஸ்டேட் சொசைட்டி'லயும், 2020ல வந்த 'எஸ்ஏசி 2045'லயும் டாச்சிகோமாக்கள் திரும்ப வந்துட்டாங்க. வியாபாரம்னா அப்படித்தான், ரசிகனா எனக்கும் சந்தோசம்தான். ஆனாலும் எனக்கு அந்தக் கதை 2005 ஜனவரிலயே முடிஞ்சு போச்சு.

உங்களுக்கு எப்படி? பேக்கப் இருக்கிற ஒருத்தன் செய்யறதை தியாகம்னு சொல்வீங்களா? முதல் சீசன் முடிவு பெருசா, ரெண்டாவது பெருசா? சொல்லுங்க மக்களே, சண்டை போடலாம்.