எழுத்தெண்ணிப் படித்தோர்

கல்வியில் தேர்ந்தவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று போற்றுவது தமிழர் வழக்கு. மெய்யாகவே எழுத்துக்களை ஒவ்வொன்றாய் எண்ணிக் கணக்கெழுதியவர் ஒருவர் உண்டென்றால் நேயர்கள் வியப்பர். அவர் எண்ணியது ஆங்கில எழுத்து. எண்ணியதும் ஒரு விளையாட்டின் பொருட்டு. நாள்தோறும் செக்ரோலில் பெயரெண்ணிக் காலங்கழிக்கும் தோட்டக் கிராணியாகிய நமக்கு அவர்பால் ஓர் உறவு தோன்றியதில் வியப்பில்லை. ஆகலின், ஆங்கிலச் சொல்லாட்டத்தின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கத் துணிந்தோம்.

சொற்களை எழுத்தளவால் வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, தொடர்மொழி என்று தொல்காப்பியர் பகுத்தார். ஓரெழுத்து மொழிகள் 42 எனத் தொகை கூறினார் நன்னூலார். அவையெல்லாம் இலக்கணத்தின் பொருட்டு. ஆங்கிலேயரோ அதனை ஆட்டமாக்கினர். ஆக்ஸ்போர்டில் கணிதம் போதித்த லூயிஸ் கரோல் என்பார், 1879-ம் ஆண்டில் 'டப்ளெட்ஸ்' என்னும் புதிரை ஒரு பத்திரிகை வாயிலாகப் பரப்பினார். ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி, அதே அளவுள்ள வேறொரு சொல்லை அடைய வேண்டும். இடையில் வருவன யாவும் பொருளுள்ள சொற்களாதல் வேண்டும். பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் கட்டிலாகி, கட்டில் புள்ளியாகி, புள்ளி நாயாகிவிடும்! மூன்றே மாற்றத்தில் பூனை நாயாயிற்று.

அடுத்து வந்தது குறுக்கெழுத்துப் புதிர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வைர வடிவான கட்டத்தில் அதனை முதன்முதல் வெளியிட்டார். 1924-ல் புதிர்கள் நூலாக வெளிவந்ததும் அமெரிக்க மக்களை ஒரு பித்துப் பிடித்துக்கொண்டது. 'நியூயார்க் டைம்ஸ்' அவ்வாண்டே இதனை வீண்காலப்போக்கு எனப் பழித்தது. 1942-ல் தானே புதிர் வெளியிடத் தொடங்கிற்று! இப்புதிரினால் மக்கள் சொல்லைத் தேடும் முறையே மாறியது. 'ஐந்தெழுத்து; மூன்றாமெழுத்து இன்னது' என்று அளவையும் இடத்தையும் கொண்டு சொற்களைத் துருவலாயினர்.

நாம் முன்னர்க் குறித்த எழுத்தெண்ணியவர் இதன்பின் தோன்றியவரே. அவர் பெயர் ஆல்பிரட் பட்ஸ். தொழில் கட்டடச் சிற்பம். உலகெங்கும் வாணிபம் சரிந்த காலத்தில், 1931-ல், வேலையிழந்தார். வீட்டிலிருந்தவர் செய்தித்தாள்களை விரித்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகின்றது எனக் குறிக்கலானார். ஈ என்னும் எழுத்தே மிகுதி. கியூ, இஸட் மிக அரிது. அக்கணக்கின்படி 100 சில்லுகள் அமைந்தன: ஈ எழுத்துக்கு 12 சில்லு, ஒரே புள்ளி, கியூவுக்கு ஒரே சில்லு, 10 புள்ளி. எஸ் மிகுதியாய் வரும் எழுத்தாயினும், பன்மையாக்கி எளிதில் புள்ளி சேர்ப்பரென்று அதற்கு நான்கே சில்லு அளித்தார். விளையாட்டுச் சாமான் செய்யும் பெருங்கம்பெனிகள் அவர் ஆட்டத்தை மறுத்துவிட்டன. 1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை பெற்று 'ஸ்கிராபிள்' எனப் பெயர் சூட்டினார். 1949-ல் 2,400 பெட்டிகள் செய்தும் நட்டமே கண்டார். 1952-க்குப் பின்னரே அது வீடுதோறும் புகுந்தது.

ஆட்டம் பரவவே, எச்சொல் செல்லும், எச்சொல் செல்லாது என்ற வழக்கும் எழுந்தது. அமெரிக்காவில் 1978-ல் ஆட்டத்திற்கென்றே அகராதி வந்தது. இங்கிலாந்தில் 1988-ல் ஒரு சொற்பட்டியல் வந்தது. ஈரெழுத்துச் சொற்கள், யூ இன்றி வரும் கியூச் சொற்கள் என ஆட்டக்காரர் தாமே பகுத்து நெட்டுருச் செய்தனர். அவ்வரிசையைப் பார்ப்பின் ஓர் உண்மை விளங்கும். 'சீ' என ஒலிக்கும் கியூச் சொல் சீனருடையது. 'காட்' என்னும் மூன்றெழுத்து இலை அராபியருடையது. 'ஆஆ' எனும் எரிமலைக் கற்குழம்பு ஹவாய்த் தீவினருடையது. ஆங்கிலத்தின் செல்வம் ஆங்கிலேயர் மட்டும் ஈட்டியதன்று.

அதனை ஆளுவதும் அவர்க்கே உரிய பிறப்புரிமையன்று. 2003-ல் கோலாலம்பூரிலும் 2009-ல் ஜொகூர் பாருவிலும் நடைபெற்ற உலகப் போட்டிகளில் வாகை சூடியோர் இருவரும் தாய்லாந்து நாட்டினர். நியூஸிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடிபுகுந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பார், 2015-ல் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, சில வாரங்களில் அதன் சொற்களை மனனம் செய்து பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றார். ஆங்கிலம் நான்கு சொல் அறிந்தவுடன் தமிழரையே ஏளனம் செய்தவர் நம்மிடையே இருந்ததுண்டு. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மையும் அச்செருக்கு தீண்டாமற் போகவில்லை. பயின்றவன் எவனோ அவனுக்கே சொல் உரியது என்பதை இவ்வாட்டம் நமக்கு இடித்துரைக்கின்றது.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. ஆங்கில அகராதியில் 'பரையா' என்று ஓர் ஆறெழுத்துச் சொல் உளது. பலகையில் அதன் விலை 11 புள்ளி. தமிழகத்தில் உழைக்கும் பெருங்குடி ஒன்றனை ஊர்ப்புறத்தே தள்ளிய சாதிக் கொடுமை, அம்மக்களின் பெயரையே 'ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொருளில் அந்நிய மொழிக்கும் ஏற்றுமதி செய்துவிட்டது! புள்ளியை மட்டும் காண்பவனுக்கு இது தெரியாது. பிறரை இழிக்கும் சொற்களைப் பட்டியலினின்று நீக்க வேண்டுமென்று 1990-களிலேயே கிளர்ச்சி எழுந்தது. ஆட்டத்தில் சொல்லுக்குப் பொருளில்லை, புள்ளியே உண்டு என்று ஆட்டக்காரர் பலர் மறுத்தனர். 2021-ல் மேட்டல் கம்பெனி ஏறக்குறைய 400 சொற்களை நீக்கிற்று.

பட்டியலினின்று ஒரு சொல்லை நீக்குதல் எளிது. அச்சொல்லைப் பிறப்பித்த வழக்கத்தை நீக்குதலே அரிது. அது நம் கடமை. பொருளறியாது மந்திரம் ஓதுவோரைக் குறைகூறும் நாம், பொருளறியாது சொல் அடுக்குதலையும் கல்வியென்று கொள்ளலாகாது. நம் பிள்ளைகள் இவ்வாட்டத்தை ஆடட்டும். ஈரெழுத்தும் மூவெழுத்தும் மனனம் செய்யட்டும். யாருக்கும் தாழாது வெல்லட்டும். வென்றபின் அச்சொல் எங்கிருந்து வந்தது, யாரைச் சுட்டியது என்றும் வினவட்டும். 'எண்ணுதல்' என்பதற்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. எழுத்தெண்ணிப் படிப்போர் இவ்விரண்டனையும் கைக்கொள்வாராக.