எழுதக் கற்பித்தோர் கற்ற கல்வி

சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டிலே, படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. அம்மக்களின் தந்தையர் ஐரோப்பியர். தாயருட் பெரும்பாலோர் இந்நாட்டுப் பெண்டிர். அவ்வில்லத்தின் கண்காணிப்பாளராக அமர்ந்தவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஆண்ட்ரூ பெல் என்பவர். அவருக்கு வாய்த்த ஆசிரியர்களோ, கீழ்வகுப்புச் சிறுவர்க்கு எழுத்துகளைக் கற்பிப்பதற்கே இடர்ப்பட்டனர். இந்நிலையில் ஒருநாள் பெல் குதிரை மீதேறிச் செல்லுங்கால், நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையிலே மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

வேறொருவராயின் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பர். பெல் தம் பள்ளிக்குத் திரும்பியதும், அம்முறையையே கையாளுமாறு ஆசிரியரைப் பணித்தார். ஆசிரியர் அது நடவாது என்றார். உடனே பெல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்துக் கற்கும் வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். பெரியவரால் ஆகாதென்று கைவிடப்பட்ட காரியம் சிறுவன் கையிலே இனிது நடந்தது.

குதிரையின் மேலிருந்து பெல் கண்ட காட்சி, நம் பாட்டனார் காலத்தார்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் அண்ணாவி ஒருவரே இருப்பார். பிள்ளைகளோ பல நிலையினர். ஆகவே, முந்திக் கற்றவன் பிந்தி வந்தவனுக்குக் கற்பிப்பான். அவர்களுக்கெல்லாம் தலைவனாகச் சட்டாம்பிள்ளை இருப்பான். மணலில் விரல் எழுத்தை வரையும்போதே வாய் அதனை ஒலிக்கும், செவி கேட்கும், கண் காணும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டால் போதும். பிழையும் இல்லை, செலவும் இல்லை. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். அண்ணாவிக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் எதுவும் அந்நாளில் கிடையாது. சட்டாம்பிள்ளையாக இருந்த காலமே அவர் பெற்ற பயிற்சி. எழுதக் கற்பதும் கற்பிக்கக் கற்பதும் ஒரே திண்ணையில், ஒரே வேளையில் நிகழ்ந்தன.

இதனைக் கேட்டவுடன், பழையதெல்லாம் பொன் என்று நாம் மகிழ்ந்துவிடலாகாது. 1823ஆம் ஆண்டில் பல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த காம்பெல், தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார. சிக்கனமாக எழுதக் கற்பிக்கும் முறையையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அவர் மனமாரப் புகழ்கிறார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தக்கதே என்கிறார். ஆனால் அதே அறிக்கையில், பிள்ளைகள் தமக்குப் பொருள் விளங்காத செய்யுட்களை மனப்பாடம் செய்வதையும், எழுத்து வடிவில் தேர்ந்தும் கருத்தில் தேராமல் நிற்பதையும் குறையாக எடுத்துக் காட்டுகிறார். கை எழுதியது, ஆனால் எழுதியவன் தன் சொல்லாக ஒன்றும் எழுதவில்லை. என் எண்ணத்தில், நம் கல்வி வரலாற்றிலே நெடுங்காலம் தீராமல் நின்ற நோய் இதுவே.

பெல் 1796இல் தாய்நாடு திரும்பி, அடுத்த ஆண்டிலேயே தம் சோதனையை நூலாக வெளியிட்டார். சென்னையின் பெயராலேயே 'மதராஸ் முறை' என அது வழங்கலாயிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் லண்டனில் இத்தகைய முறையை நடத்தினார். எவர் முந்தியவர் என்று இரு சாராரும் ஓயாது வழக்காடினர். அவ்வழக்கு நமக்கு வேண்டாம். ஆசிரியராக விழைவோர் நடுநிலையமான பள்ளிக்கு வந்து தங்கி, அங்கே நடப்பதைக் கண்டு பழகிச் செல்லும் வழக்கம் அந்நாட்டில் இம்முறையை ஒட்டியே பரவிற்று என்பதுதான் நாம் கருதத்தக்கது.

நேயர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மணலெழுத்தைக் கண்டு மகிழ்ந்த அதே பெல், தம் நூலைப் பின்னர் விரித்து வெளியிட்டபோது, ஏழைகளின் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டுமென்பது தம் கருத்தன்று என்று எழுதினார். வரம்பின்றிக் கல்வி பரவினால் சமுதாயத்தின் உயர்வு தாழ்வு குலைந்துவிடும் என அவர் அஞ்சினார். அறப்பணியாற் புகழ்பெற்ற ஹன்னா மோர் அம்மையாரும் தம் பள்ளிகளில் ஏழையர்க்கு வாசிப்பைக் கற்பித்தாரேயன்றி, எழுத்தைக் கற்பிக்கவில்லை. வாசிப்பவன் பிறர் சொன்னதைக் கேட்டுக்கொள்கிறான். எழுதுபவனோ தன் குறையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறான். தாலுகாக் கச்சேரி வாயிலில் மனு எழுதுவோர் முன் காசோடு காத்து நின்ற குடியானவனைக் கண்டவர்களுக்கு, அவ்வச்சத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். 1822இல் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் கிடைத்த தொகைப்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பள்ளிகள் குறைவென்று சொல்ல இயலாது. ஆசிரியர்க்குக் கிடைத்த வருவாயும் பயிற்சியும்தான் குறைவு என்பதை மன்றோ நன்கு கண்டார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி, மாவட்டந்தோறும் உயர்ந்த பள்ளிகள், அவற்றின் கீழ்த் தாசில்தாரிப் பள்ளிகள் எனத் திட்டமும் வகுத்தார். அடுத்த ஆண்டே அவர் காலரா நோயால் பத்திகொண்டாவில் உயிர் நீத்தார். திட்டம் பேணுவாரின்றி நலிந்து, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

1854ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை வந்த பின்னரே ஆசிரியப் பயிற்சி மீண்டும் உயிர் பெற்றது. 1856இல் சென்னையில் அரசு நார்மல் ஸ்கூல் எழுந்தது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை சென்று ஆசிரியர் கல்லூரியாகப் பெயர் பெற்றது. பயிற்சிப் பள்ளிகளில் மாதிரிப் பாடம் உண்டு. ஒருவர் பாடம் நடத்த, ஏனையோர் குறை கூறும் வகுப்பும் உண்டு. கரும்பலகையில் கோணாமல் எழுதவும் பழகினர். ஆனால் எழுத்துப் பாடம் என்றால் காப்பி எழுதுதல், சொல்வதை எழுதுதல் என்ற அளவிலேயே பெரிதும் நின்றது. பரீட்சைப் பலனுக்கேற்ப மானியம் என்னும் விதி அந்நூற்றாண்டில் வந்து சேர்ந்தபோது நிலைமை மேலும் இறுகிற்று. இன்ஸ்பெக்டர் பிழைகளை எண்ணிவிடலாம். சிறுவனின் சொந்தக் கருத்தை எவ்வாறு எண்ணுவது? எண்ணக்கூடியதையே ஆசிரியரும் கற்பித்தார். கட்டுரைப் பாடம் வந்த பின்னும், 'பசு நான்கு கால்களை உடையது' என்று ஊர்தோறும் ஒரே பசு மேய்ந்தது! பசுவைத் தினமும் ஓட்டிச் செல்லும் சிறுவனும் தன் வீட்டுப் பசுவை எழுதவில்லை. புத்தகப் பசுவையே எழுதினான். அவனைப் பழிப்பதற்கில்லை. அவன் ஆசிரியரும், பயிற்சிக் காலத்திலே, தாமாக ஒரு பக்கம் எழுதிப் பார்க்குமாறு பணிக்கப்பட்டவர் அல்லர்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிலும் மாணவர் எழுத்தைப் பற்றிய கவலை மிகுந்த காலத்தில், 1974ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரே, பெர்க்லி நகரில் ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கினார். வந்தவர் அனைவரும் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுக்கு வகுப்பெடுக்க வெளியிலிருந்து அறிஞர் கூட்டத்தை அவர் நம்பியிருக்கவில்லை. தம் வகுப்பிலே கைகண்ட முறையை ஓர் ஆசிரியரே எழுந்து பிற ஆசிரியர்க்கு நடத்திக் காட்டினார். மற்ற நேரத்தில் அவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதைச் சிறு குழுக்களாகக் கூடித் தம்முள் படித்துக் காட்டினார்கள். அடித்தும் திருத்தியும் மீண்டும் எழுதினார்கள். பிறருடைய பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கைகள், தம் முதல் வாக்கியத்தை எழுதத் தயங்கி நின்றன.