ஏணையின் அடியில் இட்ட நெருப்பு

குளிர் என்றதும் போர்வையைத் தேடுவது மனித இயல்பு. மேலே எதனைப் போர்த்திக்கொள்வது என்பதிலேயே எவருடைய கவனமும் இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. பாயும் மெத்தையும் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்கின்றமையே இதற்குக் காரணம். ஆனால் இரு மரங்களுக்கிடையே கட்டிய தொங்குபடுக்கையில் உறங்குபவனுக்கு அந்த வசதி இல்லை. அவனது முதுகின் கீழே இருப்பவை ஒரு துணியும் அதற்கப்பால் ஓயாது நகரும் காற்றும் மாத்திரமே.

ஆங்கிலத்தில் ஹமொக் எனப்படும் இந்தப் படுக்கையை எம்மவருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாயின் பழஞ்சேலையில் குழந்தைக்குக் கட்டும் ஏணையைப் பெரியவர்களுக்கு ஏற்றாற்போல் நீட்டிக்கொண்டால் போதும். இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காடுகளிலும் மலைகளிலும் நடைபயணம் செய்வோர் பலர் கூடாரத்தைக் கைவிட்டு இதனையே நாடுகின்றனர். பனிக்காலத்திலும் இதில் உறங்குகின்றனர். குளிருக்கு எதிராக அவர்கள் கண்ட உபாயத்தைப் படித்தபோது, அதன் அடிப்படை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டில் பதிவாகிவிட்ட ஒன்று என்பது என் நினைவுக்கு வந்தது. அந்தக் கதை ஒரு படுக்கையின் கதை மாத்திரமன்று.

1492 ஒக்டோபரில் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் கரையிறங்கியபோது, அங்கு வாழ்ந்த மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலைகளில் உறங்குவதைக் கண்டு தமது நாட்குறிப்பில் பதிந்தார். அந்தப் படுக்கையை அம்மக்கள் 'அமாக்கா' என்று அழைத்தனர். அவர்களையே வரலாற்றாசிரியர்கள் தைனோ என்று குறிப்பிடுகின்றனர். ஈரமான நிலத்திலிருந்தும் அதில் ஊர்வனவற்றிலிருந்தும் உடலை உயர்த்தி வைக்கவும், புறப்படும்போது சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளவும் ஏற்ற படுக்கை அது.

கரீபியன் வெப்பம் மிகுந்த பிரதேசம். அங்கு குளிரேது என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்பானிய வரலாற்றாசிரியரான ஒவியேதோ 1526 இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை உண்டு. புதிய உலகில் நீண்டகாலம் வாழ்ந்த அவர், மலைச்சாரல் போன்ற குளிரான இடங்களில் தொங்குபடுக்கையின் கீழே தணலை இட்டுச் சூடேற்றிக்கொள்ளும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். பிரேசில் கரையில் துப்பினம்பா மக்களிடம் சிறைப்பட்டு மீண்ட ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜேர்மானியர் 1557 இல் வெளியிட்ட நூலும் பருத்தியாலான தொங்குபடுக்கைகளையும், அவற்றின் அருகே இரவு முழுவதும் அணையாது காக்கப்பட்ட நெருப்பையும் விவரிக்கின்றது. வலையும் தணலும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகளாக இருந்தன. தொங்குபவனுக்குக் குளிர் கீழிருந்தே வரும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஐரோப்பியர் வலையை எடுத்துச் சென்றனர். தணலை விட்டுச் சென்றனர். மரக்கப்பலில் படுக்கையின் கீழே நெருப்பிடுவது இயலாத காரியம் என்பதும் உண்மைதான். பிரித்தானியக் கடற்படை 1597 இல் தொங்குபடுக்கைகளுக்கான கித்தான் துணியை வழங்க அனுமதித்தது. பின்னர் அது மாலுமியின் நிரந்தர உடைமையாயிற்று. நெல்சன் காலத்துப் போர்க்கப்பல்களில் ஒருவனுக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். அணிகள் மாறிமாறிக் காவலுக்குச் சென்றமையால் கடலில் இருக்கும்போது அந்த இடம் ஏறக்குறைய இருமடங்காகும். பகலில் படுக்கைகளை இறுகச் சுருட்டி மேற்தளத்தின் ஓரங்களில் அடுக்குவர். போரில் துப்பாக்கி ரவைகளையும் மரச்சிதறல்களையும் தடுக்கும் அரணாகவும் அவை பயன்பட்டன. இறந்தவனைக் கடலில் அடக்கம் செய்யும்போது அவனது படுக்கைத் துணியே அவனுக்குக் கோடித் துணியாயிற்று.

கடற்படையினர் தணலின் இடத்தில் வேறொன்றை வைத்தனர். கித்தானுக்குள்ளே ஒரு மெல்லிய மெத்தையும் கம்பளியும் இடம்பெற்றன. முதுகுக்கும் காற்றுக்கும் இடையே ஒரு தடுப்பு வேண்டும் என்பதை அவர்களும் அனுபவத்தால் கண்டனர் எனலாம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்துக்குப் பொருள் கொண்டுசென்ற ஆர்க்டிக் கப்பலணிகளுக்குக் காவலாகச் சென்ற போர்க்கப்பல்களிலும் மாலுமிகள் தொங்குபடுக்கைகளிலேயே உறங்கினர். வெளியே உறைபனி, உள்ளே மனிதரின் மூச்சு இரும்புச் சுவர்களில் நீராகிச் சொட்டியது. அக்கடலில் பணியாற்றிய எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் என்ற கப்பல் 1971 முதல் லண்டனில் தேம்ஸ் நதியில் அருங்காட்சியகமாக நிற்கின்றது. உணவு உண்ட மேசைகளுக்கு மேலேயே மாலுமிகள் தொங்கி உறங்கியதை அதில் இன்றும் காணலாம்.

இனி இக்காலத்துக்கு வருவோம். நைலோன் துணியாலான இலேசான தொங்குபடுக்கைகள் பரவியபோது புதியவர்கள் பலர் விலையுயர்ந்த உறக்கப் பைகளுக்குள் புகுந்து படுத்து, நள்ளிரவில் முதுகு விறைத்து எழுந்தனர். காரணம் எளிமையானது. உறக்கப் பையின் இறகோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. அவற்றிடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே உடலின் வெப்பத்தைக் காக்கின்றது. உடல் பாரத்தால் அப்பகுதி நசுங்கும்போது அந்தக் காற்று வெளியேறிவிடுகின்றது. எஞ்சியிருக்கும் சிறு வெப்பத்தையும் கீழே வீசும் காற்று அள்ளிச் சென்றுவிடும். இதனாற்றான் 20 பாகை செல்சியஸ் அளவான சாதாரண இரவிற்கூடப் பலருக்கு முதுகில் குளிர் உறைக்கின்றது.

இதற்குக் கண்ட தீர்வு, போர்வையைப் படுக்கைக்கு வெளியே கீழ்ப்புறத்தில் தொங்கவிடுவதாகும். அண்டர்குவில்ட் எனப்படும் இந்தக் கீழ்ப்போர்வை உடல் பாரத்தைத் தாங்குவதில்லை, எனவே நசுங்குவதில்லை. ஆனால் துணியோடு ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் அதனூடே காற்று புகுந்துவிடும். மிகையாக இறுக்கினாலும் பஞ்சு நசுங்கிப் பயன் குன்றும். அது இல்லாதவர்கள் மெத்தைத் தாள் ஒன்றை உள்ளே விரித்துக்கொள்கின்றனர். மேலே கட்டும் மழைவிரிப்பைத் தாழ்த்திக் காற்று வரும் பக்கத்தை மறைப்பதும், நன்கு மூடிய சுடுநீர்ப் போத்தலைக் காலடியில் வைப்பதும், போர்வைக்குள் மூச்சுவிட்டு அதனை ஈரமாக்காதிருப்பதும் அனுபவசாலிகள் கூறும் ஏனைய வழிகள். படுக்கையைச் சற்றுத் தளர்த்திக் கட்டி, அதில் மூலைவிட்டமாகப் படுத்தால் உடல் வில்போல் வளையாது. தொங்குபடுக்கையைப் பரம்பரையாகப் பயன்படுத்தும் மெக்சிக்கோவின் யுக்கத்தான் மக்களும் குறுக்குவாட்டிலேயே படுக்கின்றனர். இவ்வாறான செய்திகளைத் திரட்டி எட் ஸ்பியர் என்ற அமெரிக்கர் 2003 இல் தனி நூலே வெளியிட்டார்.

பத்திரிகையாளன் என்ற முறையில், எந்தப் பொருளுக்கு எவருடைய பெயர் வழங்கப்படுகிறது என்பதைக் கவனிப்பது என் வழக்கம். ஒல்லாந்தர் இப்படுக்கையை 'ஹங்மாட்' என்கின்றனர். ஜேர்மானியர் 'ஹெங்கமாட்ட' என்கின்றனர். இரண்டுக்கும் 'தொங்கும் பாய்' என்பது பொருள். கேட்பவருக்கு அவர்களது சொந்த மொழிச் சொல்லாகவே தோன்றும். உண்மையில் அவை 'அமாக்கா' என்ற தைனோச் சொல் வாய்க்கு வாய் திரிந்து, புதிய பொருள் பூண்டு நிற்கும் வடிவங்களே. பண்டத்தோடு பெயரையும் எடுத்துச் சென்றவர்கள், காலப்போக்கில் அப்பெயர் தம்முடையதே என்று நம்பிவிட்டனர்.

பெயருக்கு உரியவர்களின் நிலை என்னவாயிற்று? ஹிஸ்பனியோலா தீவில் 1514 இல் ஸ்பானியர் எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய 26,000 சுதேசிகளே பதிவாயினர். கொலம்பஸ் வந்தபோது அங்கு வாழ்ந்தோர் அதனைப் பன்மடங்கு விஞ்சியிருந்தனர் என்பதில் ஐயமில்லை. கட்டாய உழைப்பும் பட்டினியும் கொலையும் புதிய நோய்களும் எஞ்சியோரையும் வேகமாகக் குறைத்தன. எனினும் அவர்கள் அடியோடு அழிந்துவிட்டனர் என்று எழுதுவது சரியன்று. புவேர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் அவர்களது குருதி வழி வந்தோர் வாழ்கின்றனர். தம்மைத் தைனோ என்றே சொல்லிக்கொள்வோரும் உளர். கனோ, ஹரிக்கேன், பார்பிக்யூ முதலிய சொற்களை உலகம் அவர்களிடமிருந்தே பெற்றது.

ஒரு மக்களிடமிருந்து பொருளை எடுத்துக்கொள்வது எளிது. அப்பொருளைச் சூழ்ந்திருக்கும் அறிவு அம்மக்களின் அன்றாட வாழ்க்கையில் தங்கியிருப்பது. வாழ்க்கை குலைந்தால் அறிவும் சிதறிப்போகும். பின்வருவோர் அதனைத் துண்டுதுண்டாக மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதுதான். ஒவியேதோ தமது நூலில் அந்தத் தணலைப் பற்றி எழுதியது ஒரு சிறு குறிப்பு மாத்திரமே. அந்தக் குறிப்பும் இல்லாதிருந்தால், குளிரில் முதுகைக் காக்கும் வித்தை இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்றே நாமும் எழுதியிருப்போம்.