விசிறிக்கு ஊடே ஒரு தோட்டா

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. மூலக்கொத்தளத்தில் ஒரு காலத்தில் நின்ற மதில், 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட்டுப் போன பிறகு எழுந்தது. தரைவழி வரும் படைக்கு அது அணை. எம்டன் கடல்வழி வந்தது. அதே முதல் உலக யுத்தத்தில் மூன்றாவது வழியும் திறந்தது. ஆகாயத்தில் அதைத் திறந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ்.

பிறந்தது 1888 அக்டோபர் 6, ரீயூனியன் தீவில். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கரையிறங்கிய தீவு. அங்கே இன்றும் தீமிதி நடக்கிறது. காரோஸ் சிறுவனாக வளர்ந்தது சைகோனில். அப்பா அங்கே வக்கீல். அந்த ஊரிலும் பாண்டிச்சேரித் தமிழர்கள் அரசு உத்தியோகங்களில் இருந்தார்கள். இவர் வாழ்க்கையை இங்கே சொல்ல எனக்கு இந்தத் தமிழ்த் தொடர்பே போதுமான காரணம்.

1909இல் ரேம்ஸ் நகரில் விமானக் காட்சி பார்த்தவர், மறு வருஷமே விமானி உரிமம் வாங்கிவிட்டார். அதே 1910இல்தான் மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் டி ஏஞ்சலிஸ் மதராஸில் பறந்து காட்டினார். 1913 செப்டம்பர் 23 அன்று காரோஸ் பிரான்சின் தென்கரையிலிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடலை நிற்காமல் தாண்டி, ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் துனீசியாவின் பிசெர்த்தில் இறங்கினார். தொட்டியில் மிஞ்சியது 5 லிட்டர் பெட்ரோல்.

யுத்தம் வந்ததும் விமானிகள் கைத்துப்பாக்கியும் ரைஃபிளும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டார்கள். ஓடும் விமானத்திலிருந்து ஓடும் விமானத்தைக் குறிபார்ப்பது லேசில் நடக்கிற காரியமா? விமானத்தையே எதிரியை நோக்கித் திருப்பி நேரே சுட்டால் குறி தப்பாது. ஆனால் மூக்கில் சுழலும் மரவிசிறி குறுக்கே நிற்கிறது. சொந்தத் தோட்டாவே அதைப் பிளந்துவிடும். பொறியாளர் சோல்னியேயும் மெக்கானிக் ஹ்யூவும் துணை நிற்க, காரோஸ் கண்ட வழி இது: துப்பாக்கிக்கு நேரே வரும் இடத்தில், விசிறியின் இதழ்களில் எஃகு ஆப்புகளைப் பொருத்தினார்கள். பெரும்பாலான தோட்டாக்கள் இதழ்களுக்கு நடுவே புகுந்து போகும். இதழில் படுவது ஆப்பில் மோதிச் சிதறும். ஒவ்வொரு மோதலும் விசிறியையும் எஞ்சினையும் உலுக்கும். தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் அவர் விசையை அழுத்தியிருக்கிறார்.

1915 ஏப்ரல் 1 அன்று முதல் எதிரி விமானம் விழுந்தது. 18ஆம் தேதிக்குள் மூன்று. அதே 18ஆம் தேதி பெல்ஜியத்தில் அவரே எதிரி பிடித்திருந்த மண்ணில் இறங்கவேண்டியதாயிற்று. விமானத்துக்குத் தீ வைத்தும் முழுதும் எரியவில்லை. ஆப்பு வைத்த விசிறி ஜெர்மானியர் கையில் சிக்கியது. அடுத்த சில மாதங்களில் ஃபோக்கர் நிறுவனம் அதைவிடச் சிறந்த ஏற்பாட்டோடு வந்தது. விசிறியின் இதழ் குறுக்கே வரும் நொடியில் துப்பாக்கி தானாக நிற்கும். அந்த விமானங்களுக்குப் பலியானவர்களில் காரோஸின் சகாக்களும் உண்டு.

ஏறத்தாழ மூன்று வருஷச் சிறை. கண்பார்வை மங்கியது. 1918 பிப்ரவரியில் மார்ஷால் என்ற சக விமானியோடு ஜெர்மன் அதிகாரி வேஷத்தில் தப்பி, ஹாலந்து வழியாக ஊர் திரும்பினார். இனி பறக்கவேண்டாம், ஆலோசகராக இருங்கள் என்று பிரதமர் கிளெமென்சோவே சொல்லியும் கேட்கவில்லை. கிட்டப்பார்வையை மறைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு புதுவகை விமானத்தைப் பழகினார். கடல் தாண்டியதைவிட இதுதான் பெரிய தைரியம் என்பேன். அக்டோபர் 2 அன்று நான்காவது வெற்றி. அக்டோபர் 5 அன்று, முப்பது வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், வூசியே அருகே சுட்டு வீழ்த்தப்பட்டார். ஐந்து வாரத்தில் யுத்தம் முடிந்துவிட்டது.

பாரிஸ் டென்னிஸ் அரங்கத்துக்கு அவர் பெயர் இருப்பதால், டென்னிஸ் வீரர் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1928இல் அரங்கம் கட்டும்போது, உடன் படித்த எமில் லெசியோர் என் நண்பன் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கிய பெயர் அது.