மெய்நிகர் உருவ அளவு மாற்றம்

ஹெட்செட் அணிந்தவர் தாம் விரலளவாகச் சிறுத்துவிட்டதாகவோ, மாடிக் கட்டடத்தைவிட உயர்ந்துவிட்டதாகவோ உணரும்படி காட்சியை அமைக்கும் முறை. விளையாட்டுகளிலும் வயதுவந்தோருக்கான கற்பனைப் படைப்புகளிலும் கையாளப்படுகிறது. அணுவளவாய்ச் சிறுப்பது அணிமா, பேருருவாய் வளர்வது மகிமா என்று சித்திகளை எண்ணிவைத்தவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் அதற்குக் கணக்கே வைத்தார்: லில்லிபுட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பிராப்டிங்நாக்கில் பன்னிரண்டு மடங்கு.

சினிமாத் திரையில் ஒருவரைப் பேருருவாக்க அவரைப் பெரிதாகக் காட்டினால் போதும். ஹெட்செட்டில் பார்ப்பவரின் உடலே அளவுகோல். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். மென்பொருள் அந்த இடைவெளியைப் பத்து மடங்காக்கி, கண்மட்டத்தை 1.6 மீட்டரிலிருந்து 16 மீட்டருக்கு உயர்த்தி, தலையசைவையும் அதே விகிதத்தில் பெருக்கினால், எதிரே உள்ள தெரு பொம்மைத் தெருவாகிவிடும்.

இங்கேதான் வடிவமைப்பாளரின் தலைவலி தொடங்குகிறது. பார்ப்பவர் பத்து மடங்கு வளர்வதும், உலகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதும் வடிவியல்படி ஒன்றுதான். கண்ணில் விழும் படத்தில் வேறுபாடே இராது. இரண்டில் எது நடந்தது என்பதை மனம் வேறு தடயங்களைக்கொண்டு முடிவு செய்கிறது: அளவு பழகிப்போன நாற்காலி, செருப்பு, டம்ளர், ஒலி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம். 1.6 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் கல் 0.57 நொடியில் தரையைத் தொடும். 16 மீட்டரிலிருந்து விழ 1.8 நொடி ஆகும். 16 சென்டிமீட்டருக்கு 0.18 நொடி போதும். பேருருவின் கையிலிருந்து நழுவிய கார் அரை நொடியில் தரையில் மோதினால், அது பொம்மைக் கார்தான் என்று கண் கண்டுபிடித்துவிடும். மாதிரி வீடுகளை இடித்துப் படமெடுத்த சினிமாக்காரர்கள் அதிவேகத்தில் பதிந்து மெதுவாக ஓட்டியதும் இதே கணக்கில்தான். இதைக் கவனிக்காத படைப்புகளில் பேருருவம் வெறும் பெரிய பொம்மையாக நிற்கிறது.

உயரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும் என்ற கலிலியோவின் விதியை (1638) மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தினால் கதையே இல்லை.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஹெட்செட் வழியே பார்த்தபோது தம் உடலுக்குப் பதில் 30 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரையிலான பொம்மை உடல்களைக் கண்டார்கள். பொம்மையையும் அவர்கள் உடலையும் ஒரே நேரத்தில் கோலால் தொட்டபோது பொம்மை தம் உடலாகவே தோன்றியது. சின்ன உடலில் இருந்தவர்களுக்குச் சுற்றியுள்ள பொருள்கள் பெரிதாகவும் தொலைவாகவும் தெரிந்தன. 2013இல் பார்சலோனா பல்கலைக்கழகக் குழு ஒரே உயரத்தில் இரண்டு உடல்களை ஒப்பிட்டது: நான்கு வயதுக் குழந்தை, சுருக்கப்பட்ட பெரியவர். குழந்தை உடலில்தான் பொருள்கள் கூடுதலாகப் பெரிதாகத் தெரிந்தன. உயரமும் உடல்வாகும் வெவ்வேறு என்பதற்கு இது சான்று. வயதுவந்தோர் படைப்புக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி கறாரானது: எவ்வளவு சிறுத்தாலும் உருவம் பெரியவரின் உடல்வாகோடும் முகத்தோடுமே இருக்க வேண்டும். குழந்தைச் சாயலுக்கு அங்கே இடமில்லை.

மாற்றத்தை நடத்தும் விதமும் முக்கியம். பார்ப்பவர் அசையாதபோது கண்மட்டம் தானாக ஏறி இறங்கினால் குமட்டும். காட்சியை ஒரு நொடி இருட்டாக்கி அளவை மாற்றலாம்; அல்லது பார்ப்பவரே கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியால் அளவை மாற்றிக்கொள்ள விடலாம். இரண்டாவதே மேல், ஏனெனில் நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருக்கும்.

பலர் கூடும் தளங்களில் இந்த உரிமை இன்னும் அவசியம். ஒருவரை மற்றவர் அத்துமீறி நெருங்காதிருக்க, மெட்டா நிறுவனம் 2022இல் தன் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் தளத்தில் அவதார்களுக்கு இடையே ஏறத்தாழ நான்கடி இடைவெளி வைத்தது. உயரம் மாறும் உலகில் அந்த எல்லை பெரிய உருவுக்கு ஏற்ப விரிய வேண்டும். இல்லையென்றால் சிறிய உருவில் இருப்பவருக்கு அது பாதுகாப்பே அல்ல.