பாலத்துக்கு அந்தப் பக்கம்

பேங்க்ல வருஷக் கடைசி வேலை கழுத்தை நெரிச்சதுல ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. போன வாரம் பையன் ஸ்கூல்ல இருந்து ஒரு கடிதம் வந்துச்சு. பசங்க டாய்லெட்ல வேப் பிடிக்கிறாங்க, வீட்ல பேசுங்கன்னு. பேசினேன். அவன் ஒரே கேள்வியில என்னை மடக்கிட்டான்: "இதை விக்கலாமா கூடாதான்னு யாருப்பா முடிவு பண்றது? நம்ம ஊரா, ஸ்டேட்டா, நாடா?"

நான் பி.காம். காரன், சட்டம் படிச்சவன் இல்லை. ஆனா இந்தக் கேள்வி அகளியில பொறந்தவனுக்குப் புதுசும் இல்லை.

தெரியாதவங்களுக்கு: அகளி, பாலக்காடு மாவட்டத்துல அட்டப்பாடி மலையில இருக்கு. கேரளாதான், ஆனா இருளரும் முடுகரும் குறும்பரும், எங்களை மாதிரி கொங்குநாட்டுல இருந்து மலையேறின குடும்பங்களும் மலையாளிகளும் கலந்த ஊர். கிழக்கே போனா ஆனைகட்டி. கொடுங்கரைப்பள்ளம்னு ஒரு சின்ன ஆறு, அது மேல ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கிருந்து கோயமுத்தூர் சுமார் 30 கிலோமீட்டர்.

எங்க அப்புச்சி அகளியில பெட்டிக்கடை வச்சிருந்தார். வெத்தலை, பாக்கு, போயிலை, பீடி, முட்டாய், தீப்பெட்டி. நான் கோயமுத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப, 2001 நவம்பர்ல தமிழ்நாடு அரசு குட்காவையும் பான் மசாலாவையும் அஞ்சு வருஷத்துக்குத் தடை பண்ணுச்சு. கேரளாவுல அப்ப தடை இல்லை. அப்புறம் என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனா திங்கக்கிழமை என் பையில அம்மா குடுத்த முறுக்கோட பத்து இருபது சரம் பாக்கெட்டும் வரும். ரூம்மேட்டுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும். அப்புச்சிக்கு வியாபாரம், எனக்குச் சினிமா டிக்கெட்டுக் காசு. பெரிய சாமர்த்தியம்னு அப்ப நினைப்பு.

அந்தத் தடை 2004 ஆகஸ்ட் 2ல போச்சு. கோதாவத் பான் மசாலா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது சுருக்கமா இதுதான்: உணவுக் கலப்படச் சட்டத்துல மாநில அதிகாரிக்கு இருக்கிறது தற்காலிகமான, அவசரத்துக்கான அதிகாரம். ஒரு பொருளையே வருஷக்கணக்கா ஒழிக்கிற கொள்கை முடிவை மத்திய அரசுதான் எடுக்கணும். அதோட 2003ல பார்லிமென்ட் புகையிலைக்குன்னே தனிச் சட்டம் போட்டாச்சு. நம்ம அரசியல் சட்டத்துல பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியல்ல இருக்கு. ஆனா புகையிலைத் தொழிலைப் பொதுநலன் கருதி மத்திய அரசு தன் கட்டுப்பாட்டுக்குள்ள வச்சிருக்கு. நோயைப் பார்த்துக்கிற பொறுப்பு மாநிலத்துக்கு, நோய் தர்ற சரக்கு டெல்லிக்கு. இழுபறியே இங்கதான்.

இதுக்கு முன்னாடி கேரளா ஒரு பெரிய வேலை பண்ணியிருந்துச்சு. 1999 ஜூலை 12ல, கே. ராமகிருஷ்ணன் வழக்குல, பொது இடத்துல புகை பிடிக்கக் கூடாதுன்னு கேரள ஹைகோர்ட் தீர்ப்புக் குடுத்துச்சு. பெஞ்சுல இருந்த ரெண்டு நீதிபதிகள்ல ஒருத்தர் ஏ.ஆர். லட்சுமணன், நம்ம தேவகோட்டைக்காரர். அடுத்தவன் விடுற புகையைச் சுவாசிக்க வைக்கிறது உயிர்வாழும் உரிமைக்கு விரோதம்னாங்க. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படலை, காத்தைக் கெடுக்கிறது பத்தின பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவே போதுமானதா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல போலீஸைப் பார்த்தா பீடியைக் கையிக்குள்ள மறைக்கிற பெருசுங்களை அப்பத்தான் பார்த்தேன். 2001ல சுப்ரீம் கோர்ட் முரளி தேவ்ரா வழக்குல இதையே நாடு முழுசுக்கும் கொண்டு வந்துச்சு. ஒரு மாநிலம் முன்னாடி போய், நாடு பின்னாடி வந்த கதை இது.

குட்கா விஷயம் 2004ஓட முடியலை. 2006ல புது உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. உணவுப் பொருள்ல புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கக் கூடாதுன்னு 2011ல அதுக்குக் கீழ ஒரு விதி. அதைப் பிடிச்சுக்கிட்டு 2012 மே 25ல கேரளா குட்காவைத் தடை பண்ணுச்சு. தமிழ்நாட்டுல 2013 மே மாசம்தான் ஜெயலலிதா சட்டசபையில அறிவிச்சு தடை வந்துச்சு. நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷம்! இப்ப பாலத்துல போக்குவரத்து எதிர்த்திசைக்கு மாறிப்போச்சு. அப்புச்சி கடையில சரம் தொங்கலை, ஆனைகட்டியில தொங்குச்சு. போன்ல அப்புச்சி சொன்னார்: "அப்ப நீ இங்கிருந்து கொண்டு போனே, இப்ப இவனுக அங்கிருந்து கொண்டு வர்றானுக. ஆத்துக்கு என்ன தெரியும், கண்ணு?"

அப்புறமும் முழுசா நிக்கலை. பாக்கு ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட்னு தனித்தனியா வித்தாங்க, வாங்கி வாயில கலந்துக்கிட்டாங்க. அந்தச் சட்டப்படி தடை உத்தரவு ஒரு தடவைக்கு ஒரு வருஷம்தான். வருஷாவருஷம் புதுப்பிக்கிறது செல்லாதுன்னு 2023 ஜனவரியில சென்னை ஹைகோர்ட் சொல்லுச்சு, ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வச்சுது. வேப் கதை கொஞ்சம் பரவாயில்லை. தமிழ்நாடு 2018ல தடை பண்ணுச்சு, 2019 செப்டம்பர்ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு நாடு முழுக்கத் தடை பண்ணிருச்சு.

சரி, இதுல ஊருக்கு என்ன இடம்? 18 வயசுக்குக் கீழ விக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கக் கூடாது. ரெண்டுமே டெல்லியில எழுதினது. பழங்குடிப் பகுதிகளுக்காக 1996ல வந்த பஞ்சாயத்துச் சட்டம், போதைப் பொருள் விற்பனையைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் குடுக்கணும்னு சொல்லுது. ஆனா அது அரசியல் சட்டத்தோட அஞ்சாம் அட்டவணையில அறிவிச்ச பகுதிகளுக்கு மட்டும்தான். கேரளாவுலயும் சரி தமிழ்நாட்டுலயும் சரி, அப்படி ஒரு பகுதிகூட இல்லை. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இருளர் ஊர்கள், ரெண்டு பக்கமும் அந்த அதிகாரம் கிடையாது. மதுக்கடைக்கு உள்ளாட்சியோட சம்மதம் வேணும்னு கேரளாவுல ஒரு ஏற்பாடு இருந்துச்சு. 2017ல அதையும் அவசரச் சட்டத்தால எடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்ட கவர்னர் சதாசிவம், நம்ம ஈரோட்டுப் பக்கத்துக்காரர் :-)

இப்ப நான் இருக்கிற மாசசூசெட்ஸுக்கு வர்றேன். இங்க பக்கத்துல புரூக்லைன்னு ஒரு ஊர். 2000 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்குப் புகையிலையோ வேப்போ எந்தக் காலத்துலயும் விக்கக் கூடாதுன்னு 2020ல அவங்க ஊர்க்கூட்டத்துல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க. ஸ்டேட் சட்டப்படி 21 வயசு ஆனா விக்கலாமே, ஊர் எப்படி மாத்தலாம்னு கடைக்காரங்க கேஸ் போட்டாங்க. 2024 மார்ச்சுல மாநிலத்தோட உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. ஸ்டேட் சொன்னது குறைஞ்சபட்சம், ஊர் அதுக்கு மேல கடுமையாப் போகலாம்னு. சுத்தியிருக்கிற சில ஊர்களும் அதே வழியில போயிருக்கு. ஆனா ஓட்டை இங்கயும் உண்டு. மாசசூசெட்ஸ்ல மணம் சேர்த்த சிகரெட்டுக்குத் தடை, வேணுங்கிறவங்க வண்டியை எடுத்துக்கிட்டு நியூ ஹாம்ப்ஷயர் போறாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆனைகட்டிப் பாலம் அமெரிக்காவுலயும் இருக்கு.

பையனுக்கு நான் சொன்ன பதில் இது: மேல இருக்கிற அரசு ஒரு குறைஞ்சபட்சத்தை எல்லா ஊருக்கும் ஒண்ணாப் போடணும். இல்லைன்னா எல்லையில இருக்கிறவன்தான் மாட்டுவான். அதுக்கு மேல கடுமையாப் போகணும்னு ஒரு ஊர் நினைச்சா குறுக்க நிக்கக் கூடாது. கடைக்காரன் வயித்துப்பாட்டையும் பார்க்கணும். சரம் போனப்புறம் அப்புச்சி கடையில வியாபாரம் குறைஞ்சது எனக்குத் தெரியும்.

"நீங்க அப்ப கொண்டு போனது தப்பா?"ன்னு கேட்டான். அதுக்குச் சட்டத்தை வச்சுப் பதில் சொல்ல முடியலை. போன தடவை கோயமுத்தூர் போனப்ப அந்த ரூம்மேட் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தோம். அவன் வாய் ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்காது. பாக்கும் புகையிலையும் மென்னு மென்னு உள்சதை இறுகிப்போச்சு. அவன் சம்சாரம் சாதத்தைக் குழையப் பிசைஞ்சு வச்சாங்க. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லலை. "அகளிச் சரக்குடா"ன்னு சிரிக்கப் பார்த்தான், அதுவும் முழுசா வரலை.

அதைத்தான் பையன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம இருந்தான். அப்புறம் அந்த மாமா பேரைக் கேட்டான்.

உங்க வீட்டுப் பசங்ககிட்டயும் பேசுங்க. ஸ்கூல்ல இருந்து கடிதம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.