உராய்வைத் தேடிப் போன கந்தகம்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் எல்லோரும் அஞ்சுவது உராய்வுக்குத்தான். மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால், மறுநாள் செய்தித்தாளில் உராய்வு என்ற காரணம் தவறாமல் இருக்கும். பட்டாசு மருந்தில் சேரும் கந்தகம், அதே ஆலை வாசலில் நிற்கும் வண்டியின் டயரிலும் இருக்கிறது. அங்கே அதற்கு நேர்மாறான வேலை: சாலையோடு உராய்வு குறையாமல் பார்த்துக்கொள்வது. ஒரு கார் டயரைப் பிறந்த இடத்திலிருந்து பின்தொடர்ந்தால், அந்த உராய்வு எப்படி உண்டாகிறது, எந்தக் குளிரில் கைவிடுகிறது என்பது புரியும்.

பயணம் தொடங்குவது குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில். குலசேகரம், கீரிப்பாறைப் பகுதிகளில் விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரம் தாராளமாகப் பால் தரும். 1984-ல் உருவான அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இந்தப் பக்கம்தான். பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்துவார்கள். அந்த ஷீட்டை அப்படியே சக்கரத்தில் மாட்ட முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும்.

1830-களில் அமெரிக்காவில் ரப்பர் காலணியும் மழைக்கோட்டும் செய்து விற்ற கம்பெனிகள் பல நொடித்துப்போனது இதனால்தான். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தபோது இரண்டு தொல்லைகளும் பெருமளவு அடங்கின. 1844-ல் காப்புரிமை பெற்றார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே முடிச்சுப்போட்டுவிடுகிறது. முடிச்சு விழுந்த ரப்பர் வளையும், நசுங்கும், பிறகு பழைய வடிவத்துக்கே திரும்பிவரும். கார் டயருக்கு 100 பங்கு ரப்பருக்கு 1 முதல் 3 பங்கு கந்தகம் போதும்.

இந்தக் கந்தகத்தைத் தேடி இன்று சுரங்கத்துக்குப் போவது குறைவு. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அது பிரிந்து வருகிறது. சென்னை மணலி ஆலையிலும் கிடைக்கிறது. அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில், திருவொற்றியூரில், 1946-ல் கே. எம். மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆகி டயர் செய்தது. இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் பெரிய டயர் ஆலைகள் இயங்குகின்றன. தோட்டத்து ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், சிலிகா, கந்தகம் எல்லாவற்றையும் கலந்து, டயராகக் கட்டி, அச்சில் வைத்து 150 டிகிரிக்கு மேல் சில நிமிடம் வேகவைக்கிறார்கள். கருமருந்தில் இருக்கும் கரியும் கந்தகமும் இங்கேயும் உண்டு. வெடியுப்பு மட்டும்தான் இல்லை.

டயரின் குணம் முடிவாவது கலவைக் கூடத்தில். தோட்டத்து ரப்பர் கண்ணாடிபோல் இறுக வேண்டுமானால் குளிர் சுமார் −70 டிகிரிக்குப் போகவேண்டும். ஆனால் கார் டயரில் சாலையைத் தொடும் பட்டன் பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஸ்போர்ட்ஸ் காருக்கான கோடை டயரில், சூடான சாலையில் வேகமாகத் திரும்பும்போதும் பிடி நழுவாதபடி அந்தக் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கத்திரி வெயிலில் தார் இளகும் விருதுநகர்ச் சாலைக்கு அது பொருத்தமே. அதற்கு விலை, குளிரில் அது சீக்கிரமே விறைத்துவிடுவது. பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 7 டிகிரி. தண்ணீர் உறைய இன்னும் 7 டிகிரி இருக்கும்போதே டயர் பிடியை இழக்கத் தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே அந்த எல்லையைக் கடக்கலாம். தீபாவளி முடிந்து சிவகாசி மூச்சுவிடும் நாட்களில் நீலகிரியில் உறைபனிக் காலம் நெருங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் டயர் நன்றாகவே பிடிக்கும். வளைந்து நசுங்கியே அது தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. சிக்கல் மறுநாள் காலையில். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இரவு முழுக்க வெளியே நின்ற கார், தலைகுந்தாப் பக்கம் புல்வெளி வெளுத்திருக்கும் நேரத்தில் கிளம்புகிறது. சாலை காய்ந்திருக்கிறது, பனி ஒட்டவில்லை. ஆனாலும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் சுழல்கிறது. பிரேக்கை மிதித்தால் ஏ.பி.எஸ். துடிக்கிறது. கல்லும் தாருமான சாலையின் மேடுபள்ளங்களுக்குள் நசுங்கி இறங்க வேண்டிய ரப்பர், விறைத்துப்போய் மேலோடு வழுக்குகிறது.

காற்றின் கணக்கு வேறு. சிவகாசியில் 38 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்த டயர், 4 டிகிரிக்கு வந்தால் 28-க்குச் சற்றே கீழே இறங்கும். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், மானியில் அந்த இழப்பின் பெரும்பகுதி ஈடாகி 31-க்கு மேல் காட்டும். ஆகவே அங்கே காற்றைக் குறைசொல்ல முடியாது, குற்றவாளி ரப்பர்தான். பந்தயக் கார் அணிகள் இதை நன்றாக அறிந்தவை. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் காலத்தில், டயர்களை மின்கம்பளியில் சுற்றிச் சூடாக்கிய பிறகே களத்தில் இறக்கினார்கள். வீட்டுக் காருக்குக் கம்பளி கிடையாது. வெயில் வரும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் முதல் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டி, முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கலாம். நாலு சக்கரமும் இழுக்கும் காராக இருந்தாலும் அது கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது.

ஈழத்தமிழர்கள் ஏராளமாக வாழும் மொன்றியலில் இது ஒரு காலைநேரப் பிரச்சினையல்ல, சட்டம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரைதான் அதன் அடையாளம். அந்த டயரின் பட்டன் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதில் கத்தியால் கீறியதுபோல் நுண்ணிய வெட்டுகள் நிறைந்திருக்கும். ஒரு காருக்கு எட்டு டயர் வாங்குவது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் ஒரு செட் ஓடும்போது இன்னொன்று ஓய்வெடுப்பதால், இரண்டுமே கூடுதல் காலம் உழைக்கும்.

பல டயர்களின் பக்கச்சுவரில் டெம்பரேச்சர் ஏ என்ற தரக்குறி இருக்கும். அதைக் குளிருக்கான சான்றிதழ் என்று நம்பிவிடக்கூடாது. அது வேகத்தில் உண்டாகும் சூட்டைத் தாங்கும் திறனை மட்டுமே குறிக்கிறது. கடுங்குளிர் கோடை டயரை வழுக்கவைப்பதோடு விடாது, உடைக்கவும் செய்யும். −7 டிகிரிக்குக் கீழே காரை நகர்த்தினாலே பட்டன் பிளக்கலாம் என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். அப்படிப் பிளந்த டயரைக் கழிப்பதைத் தவிர வழியில்லை. கந்தகம் போட்ட முடிச்சு எளிதில் அவிழாததால், அதை உருக்கி மறுபடி டயராக வார்க்கவும் முடியாது. பழைய டயர் வாங்குகிறவர்கள் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று நாணயத்தை நுழைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பள்ளங்களின் அடியில் விரிசல் இருக்கிறதா என்றும் விரித்துப் பார்த்துவிடுவது நல்லது.